மானமும் மன்னிப்பும்: இனவெறியின் முன் ஹோவர்ட் தர்மனின் சாட்சி

இனவெறியை எதிர்த்து நிற்போர் இருவகைச் சோதனைக்கு ஆளாகின்றனர். அநீதியைக் கண்டு நெஞ்சம் கொதித்து, எதிரியை மனிதனாகவே எண்ணாத நிலைக்குச் சென்றுவிடுதல் ஒன்று. அன்பின் பெயரால் அநீதியைப் பொறுத்துக்கொண்டு, தம் மானத்தையே இழந்துவிடுதல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே வேறு வழி உண்டா? உண்டெனில், திருச்சபை அதனை எவ்வாறு போதிக்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு வாழ்நாள் முழுவதும் விடை தேடியவர் அமெரிக்கக் கறுப்பின இறையியலறிஞர் ஹோவர்ட் தர்மன் (1899–1981). மார்ட்டின் லூதர் கிங்கை அறிந்த அளவிற்கு நம்மவர் இவரை அறியார். எனினும் கிங் நடந்த பாதையைச் செப்பனிட்டவர்களுள் இவர் ஒருவர். இவருடைய வாழ்வும் சிந்தனையும் உருவான வரலாற்றை நோக்கி, அது ஆயர் பணிக்கு விடுக்கும் அறைகூவலைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இரண்டு பிரசங்கங்கள்

தர்மன் ஃபுளோரிடா மாநிலத்தின் டேடோனா நகரில் வளர்ந்தவர். ஏழாம் வயதில் தந்தையை இழந்தார். தாயார் வெள்ளையர் வீடுகளில் உழைத்துக் குடும்பத்தைக் காத்தார்; பிள்ளைகளை வளர்த்தவர் பாட்டியார் நான்சி அம்புரோஸ். அடிமையாகப் பிறந்த அம்மூதாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிறுவன் தர்மனே அவருக்குத் திருமறையை வாசித்துக் காட்டுவான். ஆனால் பவுலின் நிருபங்களை வாசிக்க அவர் அனுமதிப்பதில்லை. 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் ஒன்றே, அதுவும் எப்போதாவது, விதிவிலக்குப் பெறும்.

வளர்ந்த பின்னர் ஒருநாள் தர்மன் துணிந்து இதற்குக் காரணம் கேட்டார். அடிமை நாள்களில் எஜமானின் வெள்ளைப் போதகர் அவ்வப்போது வந்து அடிமைகளுக்குப் பிரசங்கம் செய்வாராம். எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் பவுலின் அறிவுரையே மீண்டும் மீண்டும் அவர் எடுத்துக்கொள்ளும் வாக்கியம். அடிமைகளாயிருப்பது கடவுளின் சித்தம் என்றும், நல்ல அடிமைகளாக மகிழ்வுடன் உழைத்தால் கடவுள் ஆசீர்வதிப்பார் என்றும் அவர் விளக்குவாராம். விடுதலை என்றேனும் வந்து, தாமும் படிக்கக் கற்றுக்கொண்டால், வேதத்தின் அப்பகுதியை வாசிப்பதில்லை என்று அம்மூதாட்டி அந்நாளிலேயே படைத்தவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

வேறொரு பிரசங்கத்தையும் அவர் மறக்கவில்லை. அண்மைப் பண்ணையைச் சேர்ந்த அடிமை ஒருவர் அரிதாக வந்து பிரசங்கிக்க அனுமதிக்கப்படுவார். இறுதியில் சற்றே நிறுத்தி, கூடியிருப்போரின் முகங்களை ஒவ்வொன்றாக நோக்கி, நீங்கள் அடிமைகள் அல்லர், கடவுளின் பிள்ளைகள் என்று அவர் முழங்குவாராம். இதனைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் போதெல்லாம் பாட்டியாரின் முதுகு நிமிரும் என்று தர்மன் நினைவுகூர்ந்துள்ளார்.

இரு பிரசங்கிகளும் ஒரே வேதத்தையே பயன்படுத்தினர். ஒரே கிறிஸ்துவின் பெயரையே உச்சரித்தனர். முதலாமவர், கேட்போர் யாரென்று சொல்லாமலே அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டார். இரண்டாமவர், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுமுன் அவர்கள் யார் என்பதை அறிவித்தார். அப்பிரசங்கத்தால் மறுநாளே விலங்குகள் அறுந்துவிழவில்லை. ஆயினும், நீ மனிதனல்லன் என்று உலகம் எழுதிய தீர்ப்பு, அம்மக்களின் உள்ளத்தில் அன்றே தள்ளுபடியாயிற்று. தர்மனின் இறையியல் முழுவதும் இந்த இரண்டாம் பிரசங்கத்தின் விரிவுரையே எனலாம்.

2. உணர்விழத்தல் என்னும் நோய்

தர்மனின் சிறுபருவத்தில் டேடோனாவின் பொதுப்பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஏழாம் வகுப்புக்கு மேல் இடமில்லை. அந்நாளில் ஒரு வெள்ளையர் வீட்டுத் தோட்டத்தில் அவர் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். அவ்வீட்டுச் சிறுமி அழகிய இலைகளைத் தேடிக் குவியலைக் கலைத்தாள். வேண்டாம் என்று தடுத்ததும் சினந்து, ஓர் ஊசியால் அவரைக் குத்தினாள். வலியால் அவர் கத்தியபோது, உனக்குத்தான் வலிக்காதே என்று வியந்தாளாம். அவள் கொடியவள் அல்லள். கறுப்பருக்கு வலி உண்டென்பதை அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை. ஒடுக்குபவனின் உணர்வையே மரத்துப்போகச் செய்வது இனவெறி என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

மனிதர்மேல் நம்பிக்கை வைக்கவும் அதே மண்ணில்தான் அவர் கற்றார். உயர்நிலைக் கல்விக்காக ஜாக்சன்வில் நகருக்குப் புறப்பட்டபோது, பயணச்சீட்டுக்கு மட்டுமே அவரிடம் பணம் இருந்தது. பெட்டியை அனுப்பக் கட்டணமில்லை. இரயில் நிலையப் படிகளில் அமர்ந்து அழுத அவரைக் கண்டு, உழைப்பாளிக்குரிய உடையணிந்த கறுப்பர் ஒருவர் அக்கட்டணத்தைச் செலுத்திவிட்டுப் பெயரும் சொல்லாமல் சென்றார். 1979இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்று நூலைத் தர்மன் அம்மனிதருக்கே உரித்தாக்கினார். மனிதர்மேல் அவர் வைத்த நம்பிக்கை ஏட்டிலிருந்து வந்ததன்று; பெயரறியாத ஓர் ஏழையின் கையிலிருந்து வந்தது.

1949இல் வெளிவந்த 'இயேசுவும் உரிமையிழந்தோரும்' என்னும் நூலில், ஒடுக்கப்பட்டோரைத் தொடர்ந்து வேட்டையாடும் மூன்றினை அவர் ஆராய்கிறார்: அச்சம், வஞ்சகம், வெறுப்பு. வெறுப்பை அவர் எளிதாகக் கண்டித்து ஒதுக்கவில்லை. உறவற்ற தொடர்பிலிருந்து அது பிறக்கிறது என்கிறார். ஒரே ஊரில் வாழ்ந்தும், ஒரே வீட்டில் உழைத்தும், ஒருவரை ஒருவர் மனிதராக அறியாத நிலையே வெறுப்பின் விளைநிலம். மிதிக்கப்பட்டவனுக்கு அது நிமிர்ந்து நிற்க வலிமை தருவதையும் அவர் மறுக்கவில்லை. ஆனால் வெறுப்பு எதிரியோடு நின்றுவிடுவதில்லை. அதனைச் சுமப்பவனின் உள்ளுயிரையும் எரித்துவிடுகிறது. ஊசியால் குத்தியவளைப் பற்றிய அதே நோய் குத்துண்டவனையும் பற்றிக்கொள்கிறது.

இங்கேதான் தர்மன் இயேசுவின் வரலாற்று நிலையை நினைவூட்டுகிறார். இயேசு யூதர், ஏழை, உரோமப் பேரரசின்கீழ் அடங்கிக் கிடந்த இனத்தைச் சேர்ந்தவர். பவுலுக்கு இருந்த உரோமக் குடியுரிமை அவருக்கு இல்லை. ஒரு போர்வீரன் அவரைப் பள்ளத்தில் தள்ளினால் முறையிட மன்றமில்லை. எனவே, பகைவரை நேசித்தல் என்னும் போதனை, அரியணையிலிருந்து அடிமைகளுக்கு வழங்கப்பட்ட அறிவுரையன்று. சுவரோடு நெருக்கப்பட்டு நின்ற ஒருவர், அந்நிலையில் நின்றே கண்ட விடுதலை வழியாகும். உரோமனை உரோமனாக மட்டும் காணாமல் மனிதனாகக் காண்பதும், தன்னையும் அவனுக்கு நிகரான மனிதனாக நிறுத்துவதும் அவ்வழியின் இரு கூறுகள். இரண்டாவதின்றி முதலாவது வெறும் பணிவாகிவிடும். ஆதலால் நிகராகச் சந்திக்கவிடாமல் மக்களைப் பிரித்துவைக்கும் சட்டங்களைத் தகர்ப்பது, அன்பிற்குப் புறம்பான அரசியல் அன்று. அன்பு கோரும் முதற்செயலே அது.

3. கொழும்பில் எழுந்த வினா

இச்சிந்தனை கூர்மை பெற்றதில் நம் பகுதிக்கும் பங்குண்டு. இந்திய, பர்மா, இலங்கை மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தின் அழைப்பை ஏற்று, 1935இல் தர்மனும் அவர் துணைவியார் சூ பெய்லி தர்மனும், எட்வர்ட் கேரல் தம்பதியரோடு நட்புப் பயணமாக வந்தனர். தம் நாட்டுத் திருச்சபையின் நிறவேற்றுமைக்குச் சப்பைக்கட்டுக் கட்டுபவராகத் தாம் தோன்றிவிடக் கூடாதே என்று முதலில் அவர் தயங்கியிருந்தார்.

அத்தயக்கம் பொருளற்றதன்று. கொழும்புச் சட்டக் கல்லூரியில் அவர் உரையாற்றிய பின்னர், சட்டம் கற்ற இந்து ஒருவர் தனியே உரையாடி அவரை மடக்கினார். உம் முன்னோரை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசென்றவர்கள் கிறிஸ்தவர்கள். அக்கப்பல்களுள் ஒன்றன் பெயரே இயேசு. அடிமை வணிகத்தில் பொருளீட்டியவரே பின்னர்ப் புகழ்பெற்ற ஞானப்பாடலாசிரியரானார். இன்றும் உம் மக்கள் கும்பல்களால் கொல்லப்படுகின்றனர். அம்மதத்தின் சார்பில் இங்கு வந்துள்ள நீர், நிறமுள்ள மக்கள் அனைவர்க்கும் துரோகியல்லவா என்பது அவர் வினாவின் சாரம். வினாவில் கண்ட செய்திகள் கற்பனையல்ல. 1564இல் ஜான் ஹாக்கின்ஸ் அடிமை வணிகத்திற்குக் கொண்டுசென்ற 'லூபெக்கின் இயேசு' என்னும் கப்பல் அரசி முதலாம் எலிசபெத்துக்குரியது. பாடலாசிரியர் ஜான் நியூட்டன் அடிமைக் கப்பல் தலைவராயிருந்தவர். பிற்காலத்தில் மனம் வருந்தி, 1788இல் அவ்வணிகத்தை எதிர்த்து எழுதினார்.

தர்மன் சினக்கவில்லை; குற்றச்சாட்டை மறுக்கவுமில்லை. ஆதிக்கத்தோடு கைகோத்த கிறிஸ்தவத்திற்காக வாதிடத் தாம் வரவில்லை என்றும், இயேசுவின் மார்க்கம் வேறு, அது ஒடுக்கப்பட்டோரின் பக்கம் நிற்பது என்றும் விடையிறுத்தார். உரையாடல் பல மணி நேரம் நீடித்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து வெளிவந்த நூல் இவ்வுரையாடலோடுதான் தொடங்குகிறது.

1936 பிப்ரவரியில் பர்தோலியில் காந்தியடிகளைச் சந்தித்தபோது, இந்தியாவில் இயேசுவுக்குப் பெருந்தடை எது என்று தர்மன் வினவினார். மேலை நாகரிகத்தோடும் காலனி ஆதிக்கத்தோடும் ஒன்றிவிட்ட கிறிஸ்தவமே என்பது அடிகளின் விடை. கலப்பற்ற அகிம்சைச் செய்தி கறுப்பின மக்கள் வாயிலாகவே உலகிற்குக் கிடைக்கக்கூடும் என்றும் அவர் கூறினார்.

4. சிந்தனை சபையாதல்

அதே பயணத்தில் கைபர் கணவாயில் நின்றபோது, இனவேலிகளைக் கடந்த ஆன்மிக ஐக்கியம் நடைமுறையில் கூடுமா என்பதைச் சோதித்தறியத் தர்மன் உறுதிபூண்டார். 1944இல் ஹோவர்ட் பல்கலைக்கழகப் பதவியை விட்டு சான் பிரான்சிஸ்கோ சென்று, ஆல்பிரட் ஃபிஸ்க் என்னும் வெள்ளையப் பிரெஸ்பிட்டேரியன் ஆயருடன் இணைந்து 'சகல மக்களின் ஐக்கியத் திருச்சபை'யை நிறுவினார். போர்க்காலம் அது, ஜப்பானிய வம்சாவளியினர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். அத்தகைய நகரில் பல இனத்தார் ஒரே பீடத்தண்டை கூடினர், ஒன்றாக ஆராதித்தனர், ஒன்றாக உண்டனர். உறவற்ற தொடர்பே வெறுப்பின் தாய் எனில், உறவை உண்டாக்குவதே திருச்சபையின் மருத்துவம் என்பது அவர் கொள்கை.

அணிவகுப்புகளின் முன்வரிசையில் தர்மன் நிற்கவில்லை என்று குறைகூறியோர் உண்டு. அக்குறை முற்றிலும் பொருளற்றதன்று. ஆனால் போராடுவோரின் உள்ளத்தைக் காப்பதும் போராட்டத்தின் பகுதியே. 1958இல் நியூயார்க்கில் கத்திக்குத்துண்டு மருத்துவமனையிலிருந்த கிங்கைக் கண்டு, உடலும் உள்ளமும் தேற ஓய்வுக்காலத்தை நீட்டிக்குமாறு அவர் வற்புறுத்தினார். அன்பு வற்றிய தலைவனால் இயக்கம் வெறுப்பின் கையில் விழும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

5. ஆயர் பணிக்கு விடுக்கும் அறைகூவல்

கொழும்பில் எழுந்த வினாவை அமெரிக்கருக்கு மட்டும் உரியதென நாம் தள்ளிவிட இயலாது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்க ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டு விலகினர். ஒரே கிறிஸ்துவுக்குள் மரித்தோரைத் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்யும் ஊர்கள் இன்றும் உள்ளன. நிறவெறியும் சாதியும் தோற்றத்தில் வேறாயினும், உறவற்ற தொடர்பு இரண்டிற்கும் பொது.

இச்சூழலில், இழிவுபடுத்தப்பட்டோர் நிறைந்த சபையில் நாம் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கிக்கிறோம். மன்னிப்பு நற்செய்தியின் உயிர்நாடி. அதனைக் கைவிட நமக்கு உரிமையில்லை. ஆயின் வரிசை மாறிவிடலாகாது. நீ கடவுளின் பிள்ளை என்னும் அறிவிப்பு முதலாவது. உன்னை இழிவுபடுத்தியவனும் கடவுளின் பிள்ளையே, ஆகவே அவன் செயலுக்கு அவன் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. அவனை நேசி என்பது இவ்விரண்டின்மேல் எழும் கட்டளை. முன்னிரண்டையும் விட்டு மூன்றாவதை மட்டும் சொல்வோமாயின், வாக்கியம் திருமறையினுடையதாயிருக்கும். குரலோ எஜமானின் போதகருடையதாயிருக்கும்.

பண்ணைக்கு வந்த அந்த அடிமைப் பிரசங்கியின் பெயரை வரலாறு பதிவு செய்யவில்லை. அவர் இறையியல் கல்லூரி எதனையும் கண்டவரல்லர். ஆனால் அவர் சொல் ஒரு பெண்ணின் முதுகை நிமிர்த்தியது. அவள் பேரனை உருவாக்கியது. அப்பேரன் வழியாக ஒரு தலைமுறைக்கே துணைநின்றது. பிரசங்கத்தை ஆயத்தம் செய்யும் ஒவ்வொருவரும், இதனைக் கேட்போர் நிமிர்வரா, கூனுவரா என்று தம்மையே கேட்டுக்கொள்வது நலமாகும்.