மலைநாட்டு இல்லங்களிற் பால் தேநீர்
(ஒரு வரலாற்று நோக்கு)

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகைவண்டி தலவாக்கலையைக் கடந்து, மலைச்சரிவுகளை வளைந்து வளைந்து மேலேறும்போது வட்டகொடை என்னும் சிறு நிலையம் எதிர்ப்படுகின்றது. கடல் மட்டத்துக்கு நாலாயிரம் அடிக்கு மேல் அமைந்த ஊர் இது. டிம்புள்ளைத் தேயிலைப் பிரதேசத்தின் நடுவண் உள்ளது. நாற்புறமும் தேயிலை, இடையிடையே தொழிற்சாலையின் வெள்ளைச் சுவர், பள்ளத்தில் வரிசை வரிசையாக லயங்கள். விடியுமுன்னரே அந்த லயங்களின் கூரைகளினின்று புகை எழும். அப்புகைக்குக் கீழே ஒவ்வொரு வீட்டிலும் முதலில் ஆயத்தமாவது ஒரு கோப்பைத் தேநீரேயாகும். அக்கோப்பையில் என்றைக்குப் பால் சேர்ந்தது, என்றைக்குச் சேராதொழிந்தது என்பதை ஆராயப் புகுந்தால், மலைநாட்டுத் தமிழ் மக்களின் நூற்றைம்பது ஆண்டு வரலாறே அதனுள் அடங்கியிருத்தலைக் காணலாம்.

தேநீர் தமிழர்க்குப் பழையதோர் பானமன்று. சங்க நூல்கள் பாலையும் மோரையும் கள்ளையும் தேறலையும் அறியும். பெரும்பாணாற்றுப்படை மோர் விற்கும் ஆய்மகளை நம் கண்முன் நிறுத்தும். ஆயின், தேயிலையை அந்நூல்கள் அறியா. சொல்லே இதற்குச் சான்று பகரும். சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரை மக்கள் இச்செடியைத் ‘தே’ என வழங்கினர். அச்சொல் கடல் வாணிகர் வாயிலாகப் பல நாடுகளுக்கும் சென்றது. தமிழர் அதனோடு தம் சொல்லை இணைத்துத் ‘தேயிலை’ என்றும், ‘தேத்தண்ணீர்’ என்றும் ஆக்கிக்கொண்டனர். சீனத்தின் பிற பகுதிகளில் வழங்கிய ‘சா’ என்பதோ தரை வழியே சென்று வடநாட்டிற் ‘சாய்’ ஆயிற்று. ஒரு செடிக்கு உலகெங்கும் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் இவ்விரு சொற்களுள் அடங்குதல் வியப்புக்குரியது. மலைநாட்டார் பேச்சில் வழங்கும் ‘சாயத்தண்ணி’ என்பது இவற்றின் வேறானது. பாலின்றி, நிறம் மட்டும் இறங்கிய நீரை அது குறிக்கும். இச்சொல்லுக்குள் ஒரு வறுமையும் ஒளிந்து நிற்கின்றது என்பது பின்னர் விளங்கும்.

இலங்கைக்குத் தேயிலைச் செடி 1824 ஆம் ஆண்டிற் சீனத்திலிருந்து பேராதனைப் பூங்காவுக்குக் கொணரப்பட்டது. ஆயினும் அந்நாளில் மலைநாட்டை ஆண்ட பயிர் கோப்பியே. 1869 ஆம் ஆண்டளவிற் கோப்பி இலையில் தோன்றிய ஒருவகைப் பூஞ்சண நோய் இருபது ஆண்டுகளுக்குள் அத்தொழிலை அடியோடு அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1867 இல், யேம்சு தெயிலர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை எழுந்தது. அந்நூற்றாண்டு முடியுமுன் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டி அது பரவியது. 1883 இற் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிற்று. 1884 இல் புகைவண்டி ஹற்றனை அடைந்தது. மறு ஆண்டில் வட்டகொடை வழியாக நானுஓயாவை எட்டியது. மலையிற் பறித்த கொழுந்து தூளாகித் துறைமுகம் சேர்வதற்கு வழி திறந்தது.

இத்தொழிலுக்கு வேண்டிய கைகள் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளினின்று கங்காணிமார் வாயிலாக அழைத்துவரப்பட்டன. அம்மக்கள் தம் ஊரில் விடியலிற் பருகியது நீராகாரம். வயலிற் பருகியது கஞ்சியும் மோரும். சளி, சுரம் கண்டபோது பருகியது சுக்கும் கொத்தமல்லியும் இட்டுக் காய்ச்சிய நீர். மழையும் பனியும் மிக்க மலைக்கு வந்தபின் பழைய சோற்று நீர் உடலுக்கு ஒவ்வாதாயிற்று. சூடான ஒரு பானம் இன்றியமையாததாயிற்று. அடுப்பருகே இருந்த சுக்கு நீரின் இடத்தைத் தேயிலை சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டது எனக் கருதுதல் பொருந்தும். இன்றும் மலைநாட்டு இல்லங்களிற் தேநீரில் இஞ்சி தட்டிப்போடும் வழக்கம் அப்பழைய அறிவின் தொடர்ச்சியே எனலாம்.

தமிழகத்துச் சிற்றூர்களுக்குத் தேநீர் வந்த வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. 1903 ஆம் ஆண்டில் இந்தியாவில் தேயிலைத் தீர்வைச் சட்டம் பிறந்தது. ஏற்றுமதியாகும் தேயிலையின்மீது சிறு வரி விதித்து, அப்பணத்தைத் தேநீரின் புகழைப் பரப்புதற்குச் செலவிடுவதே அதன் நோக்கம். 1929 இன் பின் உலக வாணிகம் தளர்ந்து தேயிலையின் விலை வீழ்ந்தது. 1933 இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியா ஆகியவை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பட்டன. மேனாட்டார் வாங்காத தேயிலைக்கு உள்நாட்டில் வாய் தேடவேண்டிய நிலை உண்டாயிற்று. அப்போதுதான் விளம்பரக் குழுவினர் தென்னிந்திய ஊர்களிற் புகுந்து தேநீர் காய்ச்சும் முறையைச் செய்து காட்டி, இலவசமாகவும் வழங்கினர். உழைப்பாளியைப் பருகுவோனாகவும் காணும்படி தேயிலை முதலாளிகளைத் தூண்டியது சந்தையின் வீழ்ச்சியே என்பது உணரத்தக்கது.

இனி, லயத்து வீட்டுக்கு வந்த தேயிலை எத்தகையது என நோக்குவோம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்த கொழுந்து தொழிற்சாலையில் வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, காற்றுப்பட வைத்து நிறம் மாறியபின் சூட்டில் உலர்த்தப்படும். பின்னர்ச் சல்லடைகளில் தரம் பிரிக்கப்படும். டிம்புள்ளைத் தேயிலை தை, மாசி மாதங்களில் வறண்ட குளிர்காற்று வீசுங்கால் தனி மணம் பெறும் என்பது வணிகர் அறிந்த உண்மை. அம்மணமுள்ள தரங்கள் கொழும்பு ஏலத்துக்கும் கப்பலுக்கும் உரியவை. தொழிலாளிக்குத் தோட்டத்தால் வழங்கப்படும் தூளோ பெரும்பாலும் தாழ்ந்த தரத்தது. விரைவிற் சாயம் இறங்கும், கசப்பு மிகும், மணம் குறையும். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் இலையின் நுட்பங்களை அறிஞர் ஆராய்ந்திருக்க, அதே மலையில் இலை பறித்தவளின் கோப்பையில் அடிமட்டத் தூளே கரைந்தது. கசப்பை மாற்றுதற்குப் பாலும் சீனியும் வேண்டும். அவை இரண்டும் விலைக்கு வாங்கவேண்டியவை.

பால் வந்த வழி மூன்று. முதலாவது பசும்பால். லயத்தின் பின்புறத்தில் ஒரு சிறு தொழுவம் அமைத்து, வேலை முடிந்தபின் மலையில் புல் அறுத்து வந்து மாடு வளர்த்தவர் பலர். எனினும் கறந்த பாலின் பெரும்பகுதி விற்பனைக்கே சென்றது. வீட்டுக் கடனை அடைத்ததும் மகனுக்குக் கொப்பி வாங்கிக் கொடுத்ததும் அப்பாலே. இரண்டாவது தகரப்பால். நீரை வற்றச்செய்து சீனி சேர்த்துப் பாலைக் கெடாது காக்கும் முறைக்கு 1856 இல் அமெரிக்கரான கெயில் போர்டன் உரிமம் பெற்றார். பத்தாண்டின் பின் சுவிற்சர்லாந்திலும் அத்தொழில் தொடங்கியது. அத்தகரம் கடல் கடந்து வந்து தோட்டத்துக் கடைகளிலும் இடம்பெற்றது. பாலும் இனிப்பும் ஒருங்கே தருவதாகலின், விருந்தினர்க்கும் பிள்ளைப்பேறு கண்டவர்க்கும் அது சிறப்புப் பொருளாயிற்று. மூன்றாவது பால்மா. 1977 இன் பின் இறக்குமதி தடையின்றித் திறக்கப்பட்டபோது பால்மாப் பொதிகள் லயங்களிற் பரவின. பால் தேநீர் அன்றாடப் பானமாகிவிட்டது. அம்பேவலையின் புல்வெளிகளில் மேனாட்டுப் பசுக்கள் மேய, அதே மாவட்டத்து வீடுகள் கடல்கடந்து வந்த மாவைக் கரைத்துக் குடித்தமை பொருளாதாரத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

மணமிட்ட பால் தேநீரை இல்லத்தில் ஆக்கும் முறையிலும் கற்றுக்கொள்ளத்தக்க நுட்பங்கள் உள. உயரம் ஏற ஏற நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். வட்டகொடை போன்ற இடத்தில் நீர் ஏறக்குறைய 96 பாகையிற் கொதித்துவிடுகின்றது. ஆதலின் கொதிநிலையிலேயே தூளை இட்டு, மூடி வைத்து, மூன்று நான்கு நிமிடம் ஊறவிடுதல் நன்று. நெடுநேரம் அடுப்பில் வைத்துக் காய்ச்சினாற் கசப்பு மிகும். பாலிலுள்ள புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பற்றிக்கொள்வதால் பால் சேர்ந்த தேநீர் நாவுக்கு மென்மையாகின்றது. ஏலக்காயைத் தோலுடன் நசுக்கித் தூளோடு இடலாம். இஞ்சியை மட்டும் முதலில் நீரில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். பச்சை இஞ்சியிற் புரதத்தைச் சிதைக்கும் ஒருவகை நொதியம் உண்டு. கொதித்தபின்னரே அதன் ஆற்றல் அழியும். முந்திப் பாலை ஊற்றினாற் பால் திரைந்துவிடும். ஏட்டறிவு இல்லாத பாட்டியர், ‘இஞ்சி கொதிக்கட்டும், பிறகு பாலை ஊத்து’ என்று பேத்திக்குச் சொன்னதில் இவ்விரசாயனம் அடங்கியிருந்தது. சீனி அரிதான வீட்டிற் கோப்பையில் அதனைக் கரைப்பதில்லை. வெல்லத் துண்டையோ சிறிது சீனியையோ உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒரு கடி, ஒரு மிடறு எனப் பருகுவர். ஒரு கரண்டியில் ஐந்து பேரின் நா இனிக்கும் சிக்கனம் அது.

அரசியலும் இக்கோப்பையை விட்டு விலகி நிற்கவில்லை. வட்டகொடையை அடுத்த மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914 இற் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர், அவர்தம் நாட்டுப் பாடல்களைத் தொகுத்தவர். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அவரைத் தெரிந்தெடுத்த மக்களுட் பெரும்பாலார் குடியுரிமையையும், தொடர்ந்து வாக்குரிமையையும் இழந்தனர். 1964 இல் ஏற்பட்ட சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி பல்லாயிரம் குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. அவர்களுட் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலைக் கொழுந்தையே பறித்தனர். வாக்கில்லாத மக்களின் உணவைப் பற்றிக் கேட்பார் குறைவு. 1970களின் முற்பகுதியில் மாவும் சீனியும் அரிசியும் தட்டுப்பட்டபோது நாட்டிலேயே மிகக் கொடிய பசியைக் கண்டவை தோட்டங்களே. அந்நாளிற் பல வீடுகளில் இரவு உணவு இனிப்பற்ற சாயத்தண்ணீராகவே இருந்தது.

அண்மைக்காலத்தும் இவ்வரலாறு மீண்டது. நீண்ட போராட்டத்தின் பின் 2021 ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாவாயிற்று. மறு ஆண்டிலேயே நாணயம் வீழ்ந்தது. பால்மா கடைகளில் அரிதாயிற்று. நகரத்து உணவுச்சாலைகளில் ஒரு கோப்பைப் பால் தேநீரின் விலை 100 ரூபாவை எட்டியது. பத்துக் கோப்பைக்கு ஒரு நாள் உழைப்பு! உலகுக்குத் தேநீர் வழங்கும் மலையில், லயத்து அடுப்புகள் மீண்டும் சாயத்தண்ணீருக்கே திரும்பின.

இதனை ஒரு சுவைக்குறைவு எனக் கருதி அமைதல் கூடாது. பால் அங்கே பிள்ளைகளின் உணவுமாகும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். தோட்டப் பகுதியிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் அந்நிலையினர். உணவோடு உடன் பருகும் தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைக் குறைக்கும் என்பதும் மருத்துவம் கண்ட உண்மை. பாலில்லாத தேநீரும் ரொட்டியும் உண்டு பாடசாலைக்கு வரும் பிள்ளை, நண்பகலுக்குள் சோர்ந்து மேசையில் தலை சாய்ப்பதற்கு அறிவின்மை காரணமன்று. அப்பிள்ளையைக் கற்பிப்போர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும். தேநீரை உணவுக்குச் சற்று முன்னோ பின்னோ தள்ளிப் பருகுதல், உள்ள பாலைத் தேநீரில் இடுமுன் பிள்ளைக்குத் தனியே கொடுத்தல், விற்கும் பாலில் ஒரு கோப்பையை வீட்டுக்கு நிறுத்திக்கொள்ளுதல் ஆகியன இல்லத்தாராற் செய்யக்கூடியவை. கூலியும் நிலமும் வீடும் பற்றியவை அரசாலும் தோட்ட நிருவாகத்தாலும் செய்யப்படவேண்டியவை. முன்னையவற்றைச் சொல்லிப் பின்னையவற்றை மறைத்தல் நேர்மையாகாது.

தேயிலை இந்நாட்டுக்குப் பெயரும் பொருளும் தந்தது. சீனத்துச் செடி, சுவிற்சர்லாந்துத் தகரம், தமிழகத்துச் சுக்கு, மலைநாட்டு நீர் என்னும் நான்கும் ஒரு கோப்பையிற் கூடியதை நாகரிகங்களின் கலப்பு என்று போற்றலாம். ஆயின், அக்கோப்பையை நிரப்பிய கை தன் பிள்ளைக்கு ஒரு மிடறு பால் ஊற்ற இயன்றதா என்னும் கேள்விக்கு விடை காணாதவரை அப்போற்றுதல் நிறைவுபெறாது. வட்டகொடையின் விடியற் புகை ஒவ்வொரு நாளும் கேட்பது அக்கேள்வியையே.