ஸ்போர்ட்ஸ் கார் சென்சார்கள் சீக்கிரமே பழுதாவது ஏன்? புதுசு வாங்கும் முன் இதைக் கவனிங்க!

கோவை: கார் பந்தயத்துக்கும் கோவைக்கும் உள்ள உறவு நீண்டது. 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் இங்கு வளர்ந்தவர்தான். பந்தய கார் வடிவமைப்பாளர் எஸ்.கரிவர்தனின் பெயரைத் தாங்கிய 'கரி மோட்டார் ஸ்பீட்வே' செட்டிபாளையத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் வேகமான கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "போன வருஷம்தான் சென்சார் மாத்தினோம், அதுக்குள்ள மறுபடியும் செக் என்ஜின் லைட் எரியுதே, ஏன்?"

பெரும்பாலும் குறை சென்சாரில் இருப்பதில்லை. அது இருக்கும் இடத்திலும், காரை ஓட்டும் விதத்திலும்தான் இருக்கிறது.

சென்சாரின் வேலை என்ன?

என்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது, பெட்ரோல் சரியாக எரிகிறதா, கிராங்க் எந்த நிலையில் சுற்றுகிறது என்பதையெல்லாம் சென்சார்கள் அளந்து, காரின் கம்ப்யூட்டரான இசியு-வுக்குச் சொல்கின்றன. அதை வைத்துத்தான் பெட்ரோல் அளவையும், ஸ்பார்க் அடிக்கும் நேரத்தையும் இசியு முடிவு செய்கிறது. தகவல் தப்பானால் முடிவும் தப்பாகும்.

முதல் எதிரி வெப்பம்

அதிகம் அடிபடுவது ஆக்சிஜன் சென்சார். சூடான புகை போகும் எக்ஸாஸ்ட் குழாயிலேயே இது பொருத்தப்பட்டிருக்கும். உதாரணத்துக்கு, பரவலாகப் பயன்படும் பாஷ் எல்எஸ்யு 4.9 ரக சென்சார், 930 டிகிரி செல்சியஸ் புகை வெப்பம் வரைதான் தொடர்ந்து தாங்கும். அதைத் தாண்டி 1,030 டிகிரி வரை கொஞ்ச நேரம் மட்டுமே சமாளிக்கும். சாதாரண ஓட்டத்தில் இந்த எல்லை வராது. ஆனால் டர்போ காரை பந்தயத் தடத்தில் முழு ஆக்சிலேட்டரில் சுற்றுச் சுற்றாக ஓட்டினால், எல்லையை நெருங்கிவிடும். எக்ஸாஸ்ட்டை மாற்றும்போது சென்சாரை டர்போவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் சொல்லவே வேண்டாம்.

வேகமாக ஓட்டிவிட்டு உடனே என்ஜினை ஆஃப் செய்வதும் தப்பு. காற்றோட்டமும் கூலன்ட் சுழற்சியும் நின்றுவிடுவதால், பானட்டுக்குள் வெப்பம் கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே போகும். கிராங்க் சென்சாரின் காயிலும், கப்ளர் பிளாஸ்டிக்கும் வலுவிழப்பது இப்படித்தான்.

புகையில் கலக்கும் 'விஷம்'

முழு வேகத்தில் என்ஜினைக் காப்பாற்ற, இசியு கூடுதலாக பெட்ரோல் விடும். அதனால் வரும் கரி, சென்சார் முனையில் படியும். என்ஜின் ஆயில் குடித்தால், அந்த ஆயிலின் சாம்பலும் சேரும். ஈயம் கலந்த பந்தய பெட்ரோல் ஊற்றினால் ஆக்சிஜன் சென்சார் வேகமாகச் செத்துவிடும். இந்திய பங்குகளில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நிறுத்தப்பட்டாலும், சில பந்தய எரிபொருட்களில் ஈயம் இன்றும் உண்டு. என்ஜின் வேலையின்போது சென்சாருக்கு ஆகாத சிலிக்கான் பசையைத் தடவினாலும் இதே கதிதான்.

ஏர் ஃபில்டர் மாத்தினீங்களா?

எண்ணெய் தடவிய பெர்ஃபார்மன்ஸ் ஃபில்டர் போடுவது பலரின் பழக்கம். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினால், அது காற்றை அளக்கும் சென்சாரின் மெல்லிய கம்பியில் படியும். உள்ளே போகும் காற்றைக் குறைவாகக் காட்டும். இசியு பெட்ரோலைக் குறைக்கும். முழு லோடில் இப்படி நடந்தால் என்ஜின் 'நாக்' அடித்து, பிஸ்டனே உடையும் அபாயம் உண்டு. சில ஆயிரத்தில் முடிய வேண்டிய செலவு லட்சங்களில் போய் நிற்கும்.

அதிர்வும் ஒயரிங்கும்

ஸ்போர்ட்ஸ் கார்களில் என்ஜின் மவுன்ட் கெட்டியாக இருக்கும், சஸ்பென்ஷனும் அப்படித்தான். அதிர்வில் ஒயர் உரசும், கப்ளர் தளரும். சென்சார் நல்லா இருந்தாலும் சிக்னல் விட்டுவிட்டு வரும். நாக் சென்சாரின் போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கினாலும், தளர்வாக விட்டாலும் அளவு தப்பாகும்.

என்ன செய்யலாம்?

* ஸ்கேனரில் வரும் எண், கோளாறு இருக்கும் பகுதியைத்தான் சொல்லும். 'பி0335' என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. அது ஒயராகவும் இருக்கலாம். முதலில் கப்ளர், ஒயர், எர்த் மூன்றையும் பாருங்கள்.

* பெட்ரோல் கம்மி, காற்று அதிகம் என்று ஆக்சிஜன் சென்சார் காட்டினால், அது உண்மையையே சொல்லலாம். இன்டேக் ஹோஸ், எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் கசிவு இருக்கிறதா எனச் சோதியுங்கள்.

* பழைய சென்சாரைத் தூக்கிப் போடாதீர்கள். முனையில் கருப்புக் கரி இருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளைப் படிவம் இருந்தால் ஆயிலோ சிலிக்கானோ காரணமாக இருக்கலாம். காரணத்தைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால் அதுவும் போகும்.

* வேகமாக ஓட்டிய பிறகு, கடைசி சில நிமிடங்கள் மெதுவாக ஓட்டி என்ஜினை ஆறவிட்டு நிறுத்துங்கள்.

* வால்பாறை போல 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் ஏறும்போது செக் என்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினால், 'ஊருக்குப் போய் பாத்துக்கலாம்' என்று ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட்டுக்குப் போகிறது என்று அதற்குப் பொருள். பாதுகாப்பான இடத்தில் காரை ஓரங்கட்டிவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது.