நேட்டால் சென்றவரின் எண்



பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு அரசாங்கம் தரும் எண்கள் புதியன அல்ல. ரேஷன் அட்டைக்கு ஓர் எண், வருமான வரிக்கு ஓர் எண், வாக்காளர் அட்டைக்கு ஓர் எண் என்று வைத்திருக்கிறோம். எந்த அலுவலகத்திற்குச் சென்றாலும் எண்ணை முதலிலும் பெயரைப் பின்னரும் கேட்கிறார்கள். கடல் கடந்து சென்ற நம் மக்களுக்கு இத்தகைய எண் எதற்காக அளிக்கப்பட்டது, எப்போதெல்லாம் வேண்டப்பட்டது என்பதை இன்று சிறிது நோக்குவோம். அதற்குத் தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலின் வரலாறு நல்லதொரு சான்றாகும்.

1860-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தமான 342 பேர், நவம்பர் 16-ஆம் நாள் அதில் டர்பன் சேர்ந்தனர். 1911-இல் இப்போக்குவரத்து நிறுத்தப்படும் வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர் என்பது கணக்கு. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள்.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர், தந்தையின் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடலிலுள்ள தழும்பு முதலிய விவரங்களைப் பதிவேட்டில் ஒரே வரியில் எழுதி, அவ்வரிக்கு அந்த எண்ணைத் தலைப்பாக வைத்தார்கள். முனுசாமியும் பெருமாளும் முனியம்மாளும் ஒவ்வொரு கப்பலிலும் இருந்தார்கள். தமிழறியாத குமாஸ்தாக்கள் தம் செவிக்கு எட்டியவாறெல்லாம் பெயர்களை எழுதினார்கள். ஆகவே ஆளை அறிய எண்ணே வழியாயிற்று. இதில் குறை கூற ஒன்றுமில்லை. அந்த எண்ணைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக்குரியது. முதலாண்டில் மாதக் கூலி பத்து ஷில்லிங். தொழிலாளி ஒரு முதலாளியிடமிருந்து மற்றொரு முதலாளிக்கு மாற்றப்பட்டாலும், திருமணத்தைப் பதிவு செய்தாலும், தவணை முடிந்து விடுதலை பெற்றாலும், ஊர் திரும்பக் கப்பலேறினாலும், ஏட்டில் அவருடைய எண்ணைத் தேடினார்கள். முதலாளியின் எழுத்து மூலமான அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு வெளியே காணப்பட்டால் அவரைக் கைது செய்யலாம் என்று சட்டம் இருந்தது. 1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, முதலாளியிடம் அடிபட்டு, பல் உடைந்து, தலைப்பாகையைக் கையிலேந்தியவாறு காந்தியடிகளிடம் வந்து நின்றார். அடிகள் முயன்று அவரை வேறொரு முதலாளிக்கு மாற்றச் செய்தார். அடிபட்டவர் வேலையை விட்டு நீங்க இயலவில்லை. ஏட்டில் ஒருவர் பெயரிலிருந்து மற்றொருவர் பெயருக்கு மாறவே இயன்றது.

தவணை முடிந்தவர்க்கும் தொல்லை ஓயவில்லை. 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதன் பின்னர் வந்தவர்கள் மீண்டும் ஒப்பந்தம் செய்யவேண்டும், அல்லது இந்தியா திரும்பவேண்டும், அல்லது ஆண்டுதோறும் மூன்று பவுன் கட்டவேண்டும். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். முதலாண்டுக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். 1903-இல் பதினாறு வயதுப் பையன்களும் பதின்மூன்று வயதுப் பெண்களும் இவ்வரிக்கு உட்படுத்தப்பட்டனர்.

நேட்டாலை அடுத்த டிரான்ஸ்வாலில் இம்முறை மேலும் கடுமையாயிற்று. அங்கே வாழ்ந்த இந்தியரும் பிற ஆசியரும் பத்து விரல்களின் ரேகையையும் பதித்துப் பதிவுச் சான்று பெறவேண்டும், போலீசார் கேட்டபோதெல்லாம் அதைக் காட்டவேண்டும் என்று 1907-இல் சட்டம் வந்தது. வாணிப உரிமம் பெறவும் அச்சான்று தேவைப்பட்டது. மறுத்தவர்கள் சிறை புகுந்தனர். தமிழரிடையே தலைவராயிருந்த தம்பி நாயுடு அவர்களுள் ஒருவர். 1908 ஆகஸ்டு 16-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் ஹமீதியா மசூதித் திடலில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றுகளைப் பெரிய கொப்பரையிலிட்டு எரித்தார்கள். மூன்று பவுன் வரியோ 1913-ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின்னர், 1914-இல்தான் நீங்கியது.

இத்துடன் கதை முடிந்ததென்று கொள்ளலாகாது. அன்று சென்றவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்தம் மக்களும் இன்று டர்பனிலும் பிற நகரங்களிலும் வாழ்கிறார்கள். முனுசாமி 'மூன்சாமி'யாகிக் குடும்பப் பெயராகிவிட்டது. மூதாதையின் பெயரை மட்டும் கொண்டு ஊரைக் கண்டுபிடிக்க அவர்களால் இயலவில்லை. ஆனால் வீட்டில் காக்கப்பட்ட பழைய தாள் ஒன்றில் அந்த எண் இருந்தால், ஆவணக் காப்பகத்தின் கப்பற் பட்டியலில் உரிய வரி கிடைக்கிறது. அவ்வரியில் வட ஆர்க்காட்டிலோ செங்கற்பட்டிலோ உள்ள ஒரு சிற்றூரின் பெயர் நிற்கிறது. முதலாளியின் வசதிக்காக எழுதப்பட்ட வரி, இன்று குடும்பத்தின் ஒரே பிறப்புச் சாசனமாயிற்று. எண்ணில் மாற்றமில்லை. அன்று அதைக் கேட்டவர் அதிகாரி. இன்று கேட்பவர் அதற்கு உரியவர்.

அரசாங்கப் படிவங்களைத் தமிழாக்குவது நம் அன்றாடத் தொழில். நாமும் நம் போன்றோரும் நிரப்பிய படிவங்களில், 'சொந்த ஊர்' என்ற இடத்தில் பெரும்பாலும் மாவட்டத்தின் பெயரையே காண்கிறோம். சில வேளை 'சென்னை' என்று எழுதி முடித்துவிடுகிறோம். தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பிறந்த நம் குழந்தைகள் வேறெதை அறிவார்கள்? நமக்கு இரயிலேற எவர் அனுமதியும் வேண்டியதில்லை. நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை அரசியலமைப்பு நமக்கு அளித்திருக்கிறது. ஆயினும் நம் ஊரின் பெயரை நமக்காக எழுதி வைக்கக் கப்பற் குமாஸ்தா எவரும் வரப்போவதில்லை. எண்களைப் பத்திரமாக வைத்திருக்கும் அதே பெட்டியில், ஊர், வட்டம், மாவட்டம், பாட்டன் பாட்டியரின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைப்போமாக.