மெரினாக் காற்றும் காணிப்பாக்கக் காற்றும்

காற்று நன்றாக வீசும் மாலையில் சென்னை மெரினாவில் சிறிது நேரம் நின்றால் மூக்குக்கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்தால் அது போகாது, இழுபடும். உதட்டை நாக்கால் தொட்டால் கரிக்கும். சித்தூருக்குப் பக்கத்திலுள்ள காணிப்பாக்கத்தில் விநாயகர் தரிசனத்துக்கு எவ்வளவு நேரம் வரிசையில் நின்றாலும் இப்படி நேராது. அந்த ஊர் கடலிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆனாலும் வங்கக் கடலின் உப்பு அங்கேயும் போகிறது. இரண்டு ஊருக்கும் வந்து சேரும் உப்பு ஒன்றுபோல் இருப்பதில்லை.

இரண்டுக்கும் பிறப்பிடம் நுரைதான். அலை மடிந்து உடையும்போது காற்றையும் சேர்த்துத் தண்ணீருக்குள் அமுக்குகிறது. அந்தக் காற்று குமிழிகளாக மேலே வந்து வெடிக்கிறது. குமிழியின் மேல்தோல் கிழியும்போது மிக நுண்ணிய துளிகள் சிதறும். தோல் போன பிறகு மிஞ்சும் குழியை நிரப்பத் தண்ணீர் நாற்புறமும் பாய்ந்து, நடுவில் ஊசிபோல் எழும்பி, சில பெரிய துளிகளாக உடையும். சில துளிகள் ஒரு சாண் உயரம்கூடத் துள்ளும். அமெரிக்க ஆய்வாளர் டங்கன் பிளான்சார்ட் 1950-களிலிருந்து இதையே தொடர்ந்து ஆராய்ந்தவர். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. துளியின் நீர் வற்றினால், அதன் விட்டத்தில் ஏறக்குறைய கால்பங்கு அளவுள்ள உப்புத் துகள் மிஞ்சும்.

இங்கேதான் இரண்டு ஊரும் பிரிகின்றன. 10 மைக்ரான் உப்புத் துகள் அசையாத காற்றில் மணிக்கு இருபது மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். 1 மைக்ரான் துகள் இறங்குவது கால் மீட்டர் அளவுதான். கரையில் உடையும் அலை எழுப்பும் பெருந்துகள்களில் பெரும்பகுதி கரையை ஒட்டியே படிந்துவிடுகிறது. ஜன்னல் கம்பி உரிந்து உரிந்து துருப்பிடிப்பதும், இரும்பு அரிப்பைச் சோதிக்கக் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் என்ற கடலோர ஊரில் ஒரு நிலையம் வைத்திருப்பதும் இதனால்தான். காணிப்பாக்கம்வரை போகக்கூடியவை பெரும்பாலும் சிறு துகள்கள். அவற்றிலும் பல, கரைக்கு எட்டாத தொலைவில், நடுக்கடலில் காற்று கிளப்பும் வெண்நுரையில் பிறந்தவை.

போகும் வழியில் அவற்றின் குணமும் மாறுகிறது. தொழிற்சாலை, வாகனப் புகையிலிருந்து உருவாகும் அமிலங்கள் துகளில் படிந்தால் குளோரின் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறும், சோடியம் தங்கிவிடும். கடல்நீரில் ஒரு பங்கு சோடியத்துக்குச் சுமார் 1.8 பங்கு குளோரைடு. உள்நாட்டில் காற்றுத் துகள்களைப் பிடிக்கும் வடிதாளில் இந்த விகிதம் குறைந்திருந்தால், அந்த உப்பு வழியில் அமிலத்தைச் சந்தித்திருக்கிறது என்று பொருள்.

காற்றின் திசையையும் மறக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடல் காற்று நேராகச் சித்தூர்ப் பக்கம் வரும். தென்மேற்குப் பருவத்தில் வருவது அரபிக்கடல் காற்று. அதிலுள்ள உப்பில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையே கழுவிவிடும். இவற்றையெல்லாம் கண்காணிக்க அந்த வட்டாரத்திலேயே வசதி இருக்கிறது. திருப்பதி–சித்தூர் சாலையை ஒட்டிய காதங்கியில் 1992-இல் ரேடார் நிலையமாகத் தொடங்கியதுதான் இன்றைய தேசிய வளிமண்டல ஆய்வகம்.

எடையை வைத்துப் பார்த்தால் மெரினாவுக்கு முன் காணிப்பாக்கத்து உப்பு ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு 10 மைக்ரான் துகளின் எடைக்கு ஆயிரம் 1 மைக்ரான் துகள்கள் ஈடு. மேகத்துளி உருவாக ஒவ்வொரு துளிக்கும் உப்புத் துகள் போன்ற ஒரு கரு வேண்டும். அங்கே எடை பேசாது, எண்ணிக்கைதான் பேசும். அதனால் காணிப்பாக்கத்து உப்பை அற்பமென்று தள்ள எனக்கு மனமில்லை.

நம் நாட்டில் 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசுக்கு 24 மணி நேர வரம்பு, கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். கடலோரத்துக்கும் உள்நாட்டுக்கும் அதே வரம்புதான். சென்னையில் அந்த எடைக்குள் அலை தந்த உப்பும் அடங்கும். காணிப்பாக்கம் போன்ற உள்நாட்டு ஊரில் அதே எடை வந்தால் அது ஏறக்குறைய முழுவதும் புழுதியும் புகையும்தான். கடலுப்பின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்துக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு விதி இடம் தருகிறது. நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் எடையோடு சோடியம், குளோரைடு அளவையும் அன்றாடம் வெளியிட வேண்டும்.