ஐடில் எறிந்த ஈட்டி

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பிராட்ஃபோர்டை ஒட்டி ஐடில் என்றோர் ஊர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சோம்பல் என்று பொருள். போருக்குப் பிந்தைய பிரிட்டனின் சுறுசுறுப்பான குடும்பக் கார்களில் ஒன்று அங்கேதான் பிறந்தது: ஜோவெட் ஜாவெலின். ஜாவெலின் என்றால் எறியீட்டி.

ஜோவெட் சகோதரர்கள் தொடங்கிய சின்னக் கம்பெனி அது. அவர்கள் பெயரெடுத்தது இரண்டு சிலிண்டர் வண்டிகளில். மேடு ஏறும், மூட்டை சுமக்கும். வேகம் மட்டும் கேட்கக் கூடாது. போர் முடிந்த பிறகும் இதையே நம்பிக் கடை விரிக்க முடியாது என்று 1942-ல் ஜெரால்டு பாமரை வேலைக்கு எடுத்தார்கள். முப்பதைத் தாண்டிய வயது. தெற்கு ரொடீசியாவில் வளர்ந்தவர்; மண்சாலை வண்டியை என்ன பாடுபடுத்தும் என்று யாரும் அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெரிய கம்பெனியில் அவர் கைக்கு ஏதோ ஓர் உறுப்புதான் வந்திருக்கும். இங்கே முழுக் காரையும் வரையச் சொன்னார்கள்.

அவர் செய்த முதல் கெட்டிக்காரத்தனம், நான்கு சிலிண்டரையும் பக்கத்துக்கு இரண்டாகப் படுக்கவைத்தது. 1486 சிசி எஞ்சின் அதனால் குட்டையாகிவிட, அதை முன் அச்சுக்கும் முன்னால் தள்ளி, ரேடியேட்டரை அதன் பின்னால் வைத்தார். மிச்சமான இடமெல்லாம் ஆட்களுக்கு. பின்சீட்டுக்காரர் அச்சின் தலைமேல் உட்கார்ந்து குலுங்க வேண்டியதில்லை. வில்பட்டைகளுக்குப் பதிலாக, முறுக்கிக்கொடுத்து அதிர்வைத் தாங்கும் எஃகுத் தண்டுகள். அமெரிக்க லிங்கன் ஸெஃபிரின் சாயலில் வழுக்கிக்கொண்டு போகும் முதுகு. குதிரைத் திறன் 50தான். ஆனாலும் மணிக்கு 80 மைலை எட்டிப் பிடித்தது.

1947-ல் உற்பத்தி தொடங்கியது. 1949-ல் மான்டி கார்லோ ராலியிலும் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்திலும் தன் பிரிவில் முதலிடம். அதே ஆண்டு பாமர் கிளம்பிப் போய்விட்டார்.

காரின் உடற்கூடு டான்காஸ்டரில் பிரிக்ஸ் கம்பெனியில் தயாராகி ஐடிலுக்கு வரும். இடையில் ஜோவெட், கியர்பாக்ஸைத் தானே செய்ய இறங்கியது. அது காலை வாரியது. கார்கள் தேங்க, கூடுகள் குவிய, ஒரு கட்டத்தில் பிரிக்ஸ் அனுப்புவதை நிறுத்தியது. 1953-ல் பிரிக்ஸை ஃபோர்டு வாங்கியதால்தான் ஜோவெட் செத்தது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய கம்பெனியின் தலையில் பழியைப் போடும் வசதியான கதையாகத்தான் படுகிறது. நோய் அதற்கு முன்பே கியர்பாக்ஸில் இருந்தது.

அந்த 1953-லேயே, ஹாலந்தின் டியூலிப் ராலியில் ஒரு ஜாவெலின் ஒட்டுமொத்த வெற்றி பெற்றது. ஆண்டு முடிவதற்குள் உற்பத்தி நின்றது. பிறந்தவை ஏறத்தாழ 23,000. ஐடில் தொழிற்சாலையை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் வாங்கியது, டிராக்டர் செய்ய.