கேளாத பாட்டைப் பாடுதல்: மேற்கத்திய இசைக்குறியீட்டின் வளர்ச்சி

மேற்கத்திய இசையின் பெரும் திருப்பங்கள் என்றால் ஓபரா, பியானோ, சிம்பொனி என்றே பலரும் தொடங்குவர். இவை அனைத்துக்கும் முற்பட்டது இசைக்குறியீடு. முன்பின் கேட்டிராத பாட்டை ஏட்டைப் பார்த்தே பாட முடிந்ததுதான் அந்த இசையின் போக்கை மாற்றியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மனப்பாடமாக வைத்துக்கொள்ளாவிட்டால் ஒலிகள் அழிந்துபோகும், அவற்றை எழுதிவைக்க வழியில்லை என்று 7ஆம் நூற்றாண்டில் செவில் நகர ஆயர் இசிதோர் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் பிராங்கிய அரசர்கள் பெப்பினும் சார்லமேனும் தம் ஆட்சிப்பரப்பு முழுவதிலும் ரோமானிய வழிபாட்டுப் பாடல்களையே பாடவேண்டும் என விரும்பினர். நினைவை மட்டும் நம்பி அத்தனை தேவாலயங்களையும் ஒரே மெட்டில் பாடவைப்பது எளிதன்று. 9ஆம் நூற்றாண்டில் பாடல்வரிகளுக்கு மேலே ‘நியூம்’ எனப்படும் சிறு கீற்றுகள் தோன்றிய சூழல் இதுவே.

சுவிட்சர்லாந்தின் சென்ட் கால் மடத்தில் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட பாடகர் ஏடு இவ்வகையின் சிறந்த சான்று. குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அதன் கீற்றுகள் காட்டும். எத்தனை சுரம் ஏறவேண்டும் என்பதைக் காட்டா. விரைந்து பாடு, நிறுத்திப் பாடு என்று சொல்லும் தனி எழுத்துகளும் அதில் உண்டு. பாடலை முன்பே அறிந்தவருக்கு அது நுட்பமான நினைவூட்டி. அறியாதவருக்குப் பயன்படாது.

இந்த இடைவெளியை நிரப்பியவர் இத்தாலியத் துறவி குயிதோ. பொம்போசா மடத்தில் சிறுவர்களுக்குப் பாட்டுக் கற்பித்தவர். உடன் இருந்தோரின் பொறாமையால் அங்கிருந்து விலகி அரெஸ்ஸோ நகரை அடைந்தார். கோடு இழுத்து எழுதும் முயற்சிகள் அவருக்கு முன்பும் இருந்தன. கோடுகளையும் அவற்றின் இடைவெளிகளையும் சேர்த்துப் பயன்படுத்தி, ஒவ்வொரு சுரத்துக்கும் மாறாத இடம் கொடுத்ததே அவருடைய சாதனை. எஃப் சுரத்தின் கோட்டுக்குச் சிவப்பும், சி சுரத்தின் கோட்டுக்கு மஞ்சளும் தீட்டினார். இவ்விரு சுரங்களுக்கும் அடுத்துக் கீழே இருப்பது அரைச்சுர இடைவெளி. பாடகர் தடுமாறும் இடமும் அதுவே. கண் முதலில் அங்கே போய் நிற்கும்படி வண்ணத்தை வைத்ததில் நல்லாசிரியரின் அனுபவம் தெரிகிறது.

புனித யோவான் மீதான துதிப்பாடல் ஒன்றின் முதல் ஆறு அடிகளும் ஒவ்வொரு சுரம் உயர்ந்து தொடங்குகின்றன. அவற்றின் முதலசைகளை எடுத்து உத், ரே, மி, ஃபா, சோல், லா என்று பயிற்றுவித்தார். பத்தாண்டு உழைத்தும் கைகூடாத பயிற்சியை ஓராண்டில், மிஞ்சினால் ஈராண்டில் தரமுடியும் என்று சக துறவி மிக்கேலுக்கு எழுதிய கடிதத்தில் உறுதி கூறுகிறார். தம்மை ரோமுக்கு அழைத்த திருத்தந்தை 19ஆம் யோவான், தாம் கோடிட்டு எழுதிய பாடல் ஏட்டைப் புரட்டி, முன்பு கேட்டறியாத ஓர் அடியைப் பாடிப்பார்த்தார் என்பதும் அக்கடிதச் செய்தி.

கோடுகள் பரவியபோது ஓர் இழப்பும் நேர்ந்தது. சுரத்தானம் துல்லியமாயிற்று, பழைய கீற்றுகளில் இருந்த விரைவு, நிறுத்தம், குரல் நெளிவு பற்றிய நுண்குறிப்புகள் படிப்படியாக மறைந்தன. வரலாற்று நூல்கள் பல இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது போதாது.

அடுத்த சிக்கல் காலஅளவு. பல குரல்கள் ஒருங்கே வெவ்வேறு மெட்டுப் பாடும் முறை கோடுகளுக்கு முன்பே இருந்தது. 9ஆம் நூற்றாண்டு இசைநூல் ஒன்று அதை விளக்குகிறது. ஆயினும் பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயத்தில் 1200ஐ ஒட்டி பெரோத்தின் நான்கு குரல்களுக்கு இசை அமைத்தபோது, ஒவ்வொரு குரலும் எப்போது நகரவேண்டும் என்பதை எழுதியே தீரவேண்டியிருந்தது. முதலில் குறிகளைக் கூட்டும் விதத்தால் தாளநடை உணர்த்தப்பட்டது. 1280 வாக்கில் கொலோன் நகர பிராங்கோ, குறியின் வடிவமே அதன் கால அளவைச் சொல்லும் முறையை வகுத்தார். 14ஆம் நூற்றாண்டில் பிலிப் த வித்ரியோடு சேர்த்துப் பேசப்படும் புதுமுறை, மும்மையாகப் பகுப்பதற்கு இணையாக இருமையாகப் பகுப்பதையும் ஏற்றது. திருப்பலிக்குரிய மாறாப் பகுதிகள் அனைத்துக்கும் ஒருவரே அமைத்த இசை என்று அறியப்படுவதில் மிகப் பழையதான கியோம் த மஷோவின் படைப்பு அந்நூற்றாண்டினது. இசையமைப்பாளர் வேறு, பாடுபவர் வேறு என்ற பிரிவு இங்கே வேரூன்றுகிறது.

அச்சு இதைப் பரப்பியது. 1501இல் வெனிஸ் நகரில் ஒத்தாவியானோ பெத்ரூச்சி 96 பாடல்கள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். கோடுகளையும் குறிகளையும் தனித்தனியே அச்சேற்றியதால் அழகு கூடியது, செலவும் கூடியது. 1528 வாக்கில் பாரிஸில் பியேர் அத்தேஞ்ஞான் கோட்டுத் துண்டையும் குறியையும் ஒரே அச்செழுத்தில் வார்த்து, ஒரே தடவையில் அச்சிட்டார். இசை ஏடு மலிவானது.

பின்னர் ஐந்தாக நிலைபெற்ற அந்தக் கோடுகள் நம்மிடமும் வந்தன. சின்னசாமி முதலியார் 1893இல் சென்னையில் கர்நாடக இசை உருப்படிகளை அவற்றில் எழுதி வெளியிட்டார். 1904இல் எட்டயபுரத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்ட சுப்பராம தீட்சிதர் சுர எழுத்துகளோடு நிற்காமல், குரல் நெளிவுகளான கமகங்களுக்கென்றே தனிக்குறிகளைச் சேர்த்தார். சென்ட் கால் துறவிகள் போற்றி, பின்வந்த ஐரோப்பியக் குறியீடு கைவிட்ட நுண்குறிப்புகளை ஒப்பிட்டு ஆராய விரும்புவோர், தீட்சிதரின் அந்நூலிலிருந்து தொடங்கலாம்.