கையொப்பமும் கடனும்: ஃபௌஸ்ட் இசைநாடகங்களின் வரலாறு



'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்பது நம் முன்னோர் வாய்மொழி. ஒருவர் செய்த தவற்றின் பயன் மற்றொருவர் தலையில் விழுவதை அது சுட்டும். ஐரோப்பிய மேடையில் நெடுங்காலமாக நடிக்கப்பட்டு வரும் ஒரு கதையை ஆராய இவ்வாய்மொழி நமக்குத் துணைசெய்யும். கற்றறிந்த முதியவர் ஒருவர் சாத்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, தம் ஆன்மாவை எழுதிக் கொடுக்கிறார். அவர் பெயர் ஃபௌஸ்ட். அவ்வொப்பந்தத்தின் விலையை உண்மையில் கொடுத்தவர் யார்? இக்கேள்விக்கு இசைநாடக ஆசிரியர்கள் காலந்தோறும் அளித்த விடைகளை இவ்வுரை ஆராய்கிறது.

கதையின் பிறப்பு

ஃபௌஸ்ட் என்னும் பெயருடைய ஒருவர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானிய நிலப்பகுதியில் உண்மையாகவே வாழ்ந்தார். ஊர் ஊராகச் சென்று சோதிடமும் மாயவித்தையும் காட்டிய அவரைப் பற்றிய குறிப்புகள் அக்காலக் கடிதங்களிலும் ஊர்ப் பதிவுகளிலும் காணப்படுகின்றன. அவர் மறைந்தபின் வதந்திகள் வளர்ந்தன. 1587ஆம் ஆண்டு ஃபிராங்ஃபர்ட் நகரில் யோகான் ஸ்பீஸ் என்னும் அச்சகத்தார் அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அந்நூலில் ஒப்பந்தத்தின் காலம் 24 ஆண்டுகள். தவணை முடிந்ததும் சாத்தான் வந்து ஃபௌஸ்டைக் கொண்டுபோகிறான். இறைவன் வகுத்த எல்லையைக் கடந்து அறிய முற்பட்டதே அவர் செய்த பாவம் என்று அந்நூல் எச்சரித்தது.

ஆங்கில நாடகாசிரியர் கிறிஸ்டோஃபர் மார்லோ இக்கதையை நாடகமாக்கினார். நாடோடி நடிகர்கள் வழியே அது செருமானிய ஊர்களுக்குத் திரும்பிவந்து, பொம்மலாட்டமாகவும் உருமாறியது. இதுவரை கணக்கு நேராகவே இருந்தது. கையொப்பமிட்டவரே கடனையும் தீர்த்தார்.

ஃபிராங்ஃபர்ட் தந்த பெண்

ஃபௌஸ்ட் பொம்மலாட்டத்தை இளமையிலேயே அறிந்திருந்தவர் கவிஞர் கதே. சட்டம் பயின்று, 1771ஆம் ஆண்டு தம் சொந்த ஊராகிய ஃபிராங்ஃபர்ட்டுக்குத் திரும்பி வழக்குரைஞர் தொழிலைத் தொடங்கினார். அவ்வேளையில் அந்நகரையே உலுக்கிய வழக்கு ஒன்று நடந்தது. விடுதிப் பணிப்பெண்ணாகிய சுசன்னா மார்கரெத்தா பிராண்ட், தங்கிச் சென்ற வழிப்போக்கன் ஒருவனால் கருவுற்றாள். யாருக்கும் தெரியாமல் பெற்ற குழந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டாள். 1772 சனவரி 14ஆம் நாள் அவள் வாளால் சிரச்சேதம் செய்யப்பட்டாள். அந்த வழிப்போக்கனோ எவ்வித விசாரணைக்கும் உள்ளாகவில்லை.

கதே எழுதத் தொடங்கிய ஃபௌஸ்ட் நாடகத்தில் பழைய கதையில் இல்லாத ஒரு பெண் நுழைந்தாள். அவள் பெயர் மார்கரேத்தெ. ஃபௌஸ்டால் கைவிடப்பட்டு, குழந்தையைக் கொன்று, சிறையில் மரணத்தை எதிர்நோக்கும் பெண் அவள். நாடகத்தின் முதற்பகுதி 1808இல் வெளிவந்தது. அன்றுமுதல் கதையின் கணக்கு மாறியது. கையொப்பம் ஃபௌஸ்டுடையது, தூக்குமேடை மார்கரேத்தெயுடையது.

இங்கு வரலாறு நமக்குக் கசப்பான செய்தி ஒன்றையும் வைத்திருக்கிறது. 1783இல் வைமார் அரசின் ஆலோசனைக் குழுவில் கதே உறுப்பினராக இருந்தார். குழந்தைக் கொலைக்கு மரண தண்டனை தொடரலாமா என்று அரசர் வினவியபோது, தொடர்வதே தக்கது என்ற கருத்துக்கு அவரும் உடன்பட்டார். அவ்வாண்டே யோகன்னா ஹோன் என்னும் பெண் அக்குற்றத்திற்காகக் கொல்லப்பட்டாள். மேடைக்காகப் படைத்த பெண்ணிடம் கவிஞர் காட்டிய இரக்கம், அலுவலரின் எழுதுகோலில் இல்லாமற்போயிற்று.

பெர்லியோஸின் விடை

'ஆப்பரா' என்பது பாட்டாலும் பல்லியத்தாலும் கதையை நடத்திச் செல்லும் இசைநாடகம். பாட்டுக்கு வாதங்களைவிட உணர்ச்சியே எளிதில் வசப்படும். ஆகவே கதேயின் நாடகம் இசைக்கு வந்தபோது ஃபௌஸ்டின் தத்துவச் சிந்தனைகள் சுருங்கின. மார்கரேத்தெயின் துயரம் விரிந்தது.

பிரெஞ்சு இசையமைப்பாளர் எக்தோர் பெர்லியோஸ் இயற்றிய 'ஃபௌஸ்டின் வீழ்ச்சி' 1846 திசம்பர் 6ஆம் நாள் பாரிஸ் நகரில் அரங்கேறியது. மேடை நடிப்பின்றி, கச்சேரியாகவே அது இசைக்கப்பட்டது. அரங்கில் பாதி இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. பெர்லியோஸ் பெருங்கடனுக்கு ஆளானார். ஆயினும் அவர் செய்த மாற்றம் நினைவிற்கொள்ளத் தக்கது. ஃபௌஸ்ட் தொடக்கத்தில் ஒப்பந்தம் எழுதுவதில்லை. மார்கரீத் சிறையில் இருப்பதை அறிந்து, அவளைக் காப்பாற்றுவதற்காகவே இறுதியில் கையொப்பமிடுகிறார். சாத்தான் அவரைக் குதிரையேற்றி நரகத்திற்கு இட்டுச்செல்கிறான். மார்கரீத் விண்ணுலகு எய்துகிறாள். தம்மால் விளைந்த பழிக்குத் தம்மையே விலையாக வைக்கும் ஃபௌஸ்டை இங்குக் காண்கிறோம்.

கூனோவின் விடை

உலகப் புகழ் பெற்ற 'ஃபௌஸ்ட்' சார்ல் கூனோவுடையது. இளமையில் குருமாராக விழைந்து இறையியல் பயின்றவர் அவர். பார்பியே, காரே ஆகிய இருவர் எழுதிக் கொடுத்த பாடலுரைக்கு அவர் இசையமைத்தார். 1859 மார்ச் 19ஆம் நாள் பாரிஸ் லிரிக் அரங்கில் அது அரங்கேறியது. முதலில் பாட்டுகளுக்கிடையே பேச்சு உரையாடல் இருந்தது. அடுத்த ஆண்டு அவ்வுரையாடலும் இசைவடிவம் பெற்றது. 1869இல் பாரிஸ் ஆப்பரா அரங்குக்கு வந்தபோது நடனக் காட்சிகளும் சேர்ந்தன. 1883 அக்தோபர் 22ஆம் நாள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா தன் கதவுகளைத் திறந்ததும் இந்நாடகத்தோடுதான்.

முதல் அங்கத்தில், வாழ்நாள் முழுதும் கற்றும் ஒன்றும் எய்தவில்லை என்று வெறுத்த முதியவர் நஞ்சுக் கிண்ணத்தை எடுக்கிறார். மெஃபிஸ்டோஃபிலிஸ் தோன்றிப் பொன்னும் புகழும் ஆட்சியும் தருவதாகச் சொல்கிறான். அவரோ இளமையைக் கேட்கிறார். பழைய கதையில் அறிவுக்காக நடந்த பேரம் இங்கு இன்பத்திற்காக நடக்கிறது. ஒப்பந்தம் சற்றுநேரத்தில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய நான்கு அங்கங்களும் மார்கரீத்தின் கதையாகவே நடக்கின்றன. நகைப்பேழையைக் கண்டு அவள் மகிழ்ந்து பாடுகிறாள். பின்னர்க் கைவிடப்பட்டு, வழிபடக் கோயிலுக்குச் செல்கிறாள். அங்கும் சாத்தானின் குரல் அவளை அச்சுறுத்துகிறது. ஃபௌஸ்டின் வாளால் வீழ்ந்த அண்ணன் வாலன்டின், கொன்றவனை விட்டுவிட்டுத் தங்கையைச் சபித்து மாய்கிறான். இறுதியில் சிறைக்கு வந்த ஃபௌஸ்ட் தப்பியோட அழைக்கும்போது அவள் மறுத்து, வானவரை நோக்கிப் பாடுகிறாள். அதே இசைத்தொடர் மும்முறை, ஒவ்வொரு முறையும் மேலும் உயர்ந்த சுருதியில் ஒலிக்கிறது. அவள் மீட்கப்படுகிறாள்.

செருமானியர் பலர் இதனை ஏற்கவில்லை. கதேயின் ஆழ்ந்த சிந்தனை வெறுங் காதற்கதையாகிவிட்டது என்று கருதி, அங்குள்ள அரங்குகளில் 'மார்கரேத்தெ' என்னும் பெயரிலேயே இதனை நடத்தினர். குறை கூறும் நோக்கில் எழுந்த அப்பெயர், என் கருத்தில், மிகப் பொருத்தமான பெயராகும். கடன் தீர்த்தவர் பெயரை நாடகத்தின் தலைப்பில் எழுதியவர்கள் அவர்களே.

புசோனியின் விடை

இத்தாலியராகிய ஃபெருச்சியோ புசோனி கதேயை விட்டுப் பழைய பொம்மலாட்டக் கதைக்கே திரும்பினார். 'டாக்டர் ஃபௌஸ்ட்' நிறைவடையுமுன் 1924இல் அவர் மறைந்தார். அவர் மாணவர் ஃபிலிப் யார்னாக் நிறைவுசெய்ய, 1925இல் திரெஸ்டன் நகரில் அது அரங்கேறியது. இந்நாடகத்தில் அப்பெண் மேடைக்கே வருவதில்லை. நீதி கேட்கும் அவள் அண்ணன் மட்டுமே வந்து கொல்லப்படுகிறான். ஆனால் இறுதியில் ஃபௌஸ்ட், இறந்துபோன குழந்தைக்குத் தம் உயிரையே அளித்து வீழ்கிறார். அவ்விடத்திலிருந்து இளைஞன் ஒருவன் எழுந்து நடக்கிறான். சாத்தானுக்கு எழுதிக் கொடுத்ததை அடுத்த தலைமுறைக்கு மாற்றி எழுதிய முடிவு இது.

நிறைவுரை

இவ்விடைகள் ஒன்றுபோல் இல்லை. பெர்லியோஸின் ஃபௌஸ்ட் தாமே விலை கொடுக்கிறார். கூனோவின் ஃபௌஸ்டுக்காக ஒரு பெண் கொடுக்கிறாள். புசோனியின் ஃபௌஸ்ட் காலந்தாழ்த்தியேனும் திருப்பிக் கொடுக்கிறார். வகுப்பறையில் இக்கதையைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள், அறிவின் எல்லை யாது என்னும் வினாவோடு நின்றுவிடாமல், ஒருவர் எடுக்கும் முடிவின் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்னும் வினாவையும் மாணவர் முன் வைத்தல் வேண்டும். கல்வி கற்றார் எடுக்கும் முடிவுகள் கல்லாதார் வாழ்வையும் தொடுவன. ஃபௌஸ்டின் பெயரை உலகம் அறியும். 1772ஆம் ஆண்டின் அக்குளிர்காலக் காலையில் ஃபிராங்ஃபர்ட்டில் உயிர்நீத்த சுசன்னாவின் பெயரையும் நம் மாணவர்கள் அறிந்துகொள்ளட்டும்.